நிழல் தனி

மூன்று தாள்களையும்
மாவு எடை போடும் மேடையில் விரித்தேன்.
ஃபேன் காற்றுக்குப் பறக்காமலிருக்க
ஒன்றின்மேல் அரைக்கிலோ எடைக்கல்,
ஒன்றின்மேல் வெந்தய டப்பா.
மூன்றாவதை விரலால் அழுத்திக்கொண்டேன்.

ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம்.
இரண்டு லட்சத்துப் பதினான்காயிரம்.
ஒரே கொரட்டூர், ஒரே மொட்டைமாடி,
ஒரே சூரியன்.

குறைந்த விலைக்காரர் மாடி ஏறவே இல்லை.
செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டாராம்
என் வீட்டுக் கூரையை.
கொடியில் காயும் பாவாடை என்ன நிறம், சொல்லுங்கள்
என்று கேட்க நாக்குவரை வந்தது.
அவர் தாளின் அடியில், எறும்பு ஊர்ந்த எழுத்தில்:
ஜிஎஸ்டி தனி.
நெட் மீட்டர் கட்டணம் தனி.
ஸ்டாண்ட் ஓரடி உயர்த்தினால் தனி.
கூட்டிப் பார்த்தேன்.
தனித்தனியாக நின்றதெல்லாம் கைகோத்துக்கொண்டு
நடுத்தாளைத் தாண்டிப் போயிற்று.

நடுத்தாள் ஜெபசிங் கொடுத்தது.
இருபத்தைந்து வருடம் உத்தரவாதம் என்றார்
அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே.
"கம்பெனி ஆரம்பிச்சு எத்தன வருஷம் தம்பி?"
"வர்ற தையோட ரெண்டு முடியுதுக்கா."
இருபத்தைந்து வருடத்தில் எனக்கு எழுபத்தொன்று.
கிரைண்டருக்கு இதுவரை மூன்று கல் மாற்றியாயிற்று.
யார் யாருக்கு உத்தரவாதம் என்று
இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரவு இவர் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்:
"வர்தா மாதிரி இன்னொண்ணு அடிச்சா?"
அந்த டிசம்பரில் யார் வீட்டு ஷீட்டோ
எங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்தது.
மூன்று தாளிலும் காற்று என்ற சொல்லைத் தேடினோம்.
ஒன்றில்தான் இருந்தது,
விரல் அழுத்தியிருந்த தாளில்.

அதை எழுதியவள் எழில்வதனி.
காலை பதினொன்றுக்கு வந்தவள்
மோர் குடித்துவிட்டு மறுபடி ஏறி
மூன்றரை மணிக்குத் தொட்டியின் நிழல் விழும் இடத்தைச்
சாக்பீஸால் கோடு கிழித்தாள்.
பிறகு மேற்கே திரும்பி நின்றாள், நெடுநேரம்.
"அந்த மாடியில கம்பி நிக்குதே, யாரு வீடுக்கா?"

லோகநாயகி வீடு.
தூண் தலையில் முறுக்குக்கம்பி, நாலு நாலாக,
துருவேறாமலிருக்கச் சிமெண்ட் பால் பூசியது.
பன்னிரண்டு வருடமாக அதில்தான் தலையணை காயும்.
தினமும் பார்த்த கம்பிகள்.
அதற்குள் ஒரு மாடி நிற்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அது எழும்பினா சாயங்கால வெயில் போயிடும்.
எழுதிட்டேன். மத்தவங்க எழுதியிருக்க மாட்டாங்க."

மாவு கொடுக்கும் சாக்கில் போனேன்,
தூக்கில் ஒரு கரண்டி கூடுதலாக விட்டு.
"மாடி எடுக்கிற யோசனை ஏதாச்சும்..."
"லோன் கெடச்சாச்சு கண்ணு!
ஆவணிக்குள்ள தளம் போட்டுடணும்,
மருமக வந்து எங்க இருப்பா?"
அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம்.
வேண்டாம் என்று சொல்ல நான் யார்?
என் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கிறது;
மேலே என்று ஓர் எல்லை இல்லை.

எழில்வதனிக்குப் போன் போட்டேன்.
ஆறு பலகை நாலாகக் கிழக்கோரம் ஒதுங்கின.
விலை குறைந்தது. கரண்டும் குறையும்.
"மதியத்துக்கு மேல கிரைண்டர் போடாதீங்கக்கா,
காலையில ஓட்டுங்க."

இருபது வருடமாக மாலை ஐந்துக்கு அரைக்கிறவள் நான்.
இரவில் பொங்க வேண்டும், விடியலில் விற்க வேண்டும்.
காலையில் அரைத்தால்
இந்தப் பங்குனிச் சூட்டுக்கு
இருட்டுமுன் பொங்கிவிடுமா?
இரவுச் சோற்றுக்குப் பதில் இட்லி ஊற்றுகிறவர்கள்
எத்தனை பேர் இருப்பார்கள் இந்தத் தெருவில்?

எந்தத் தாளிலும் அதற்குப் பதில் இல்லை.
பத்தரை மணி.
இரண்டு படி அரிசியைக் களைந்து
ஊறப் போட்டிருக்கிறேன்.