நின்ற இடம்

லித்துவேனியாவின் வடக்கே ஒரு பால் கூட்டுறவில்
கணக்கு நிரல் எழுதுபவள் நான்.
பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினான்கு.
பூட்ஸின் பனியைக்கூடத் தட்டாமல்
உள்ளே வந்தான் வித்தேனிஸ் ஸ்க்ரெபே.
ஆறு பசு, ஒரு கடன் டிராக்டர்,
கையில் கிரீஸ் படிந்த நோட்டு.
“என் பாலில் கொழுப்பு 4,7.
நீங்கள் காசு கொடுத்தது நாலுக்கு.
மிச்சத்தை யார் குடித்தது?”

எங்கள் நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளிதான்.
பள்ளிக்கூடத்துப் பலகையிலிருந்து
பெட்ரோல் பங்க் வரை
எண்ணுக்குள்ளே அந்தச் சின்ன வால் தொங்கும்.
நவம்பரில் பழைய கணினியை அணைத்துவிட்டு
வாடகைக் கணினி ஒன்றில் குடியேறினோம்.
அது எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது.
புள்ளி மட்டுமே தெரிந்த ஊர் போலும்.

ஆய்வகத்திலிருந்து எனக்கு வருவது
எண் அல்ல, எழுத்து.
நாலு, காற்புள்ளி, ஏழு:
மூன்றே எழுத்தில் ஒரு சரம்.
அதை எண்ணாக்கும் சார்பு
இடப்பக்கமிருந்து படித்துக்கொண்டு வந்தது.
நாலைக் கண்டது, எடுத்துக்கொண்டது.
காற்புள்ளியில் கால் இடறி
நின்றது.
கத்தவில்லை. சிவப்பு எதுவும் எரியவில்லை.
கையிலிருந்த நாலை
ஒன்றும் நடக்காத முகத்தோடு
கொடுத்துவிட்டுப் போனது.

முப்பத்தொரு பண்ணை. மூன்று மாதம்.
3,9 வைத்திருந்தவர்கள் மூன்றுக்கு இறங்கினார்கள்.
மாதிரிக் குப்பி உடைந்த நாளில்
ஆய்வகம் வெறும் கோடு ஒன்றைக் கிழித்து அனுப்ப
அந்தக் கோடு சுழியமாயிற்று.
சரியான காசு வாங்கியவர் ஒரே ஒருவர்,
எப்போதும் 4,0 கறக்கும் பசுக்களின் சொந்தக்காரர்.
அவருக்கு என்மேல் புகாரே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
அந்தச் சார்பு ஊமை அல்ல.
எங்கே நின்றேன் என்று காட்ட
ஒரு சுட்டியை நீட்டும், விரல் நீட்டுவதுபோல.
வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும், அவ்வளவுதான்.
ஒன்பது வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை,
நான் அந்த இடத்தில்
வெறுமையை எழுதிவைத்தேன்.
சொல்லாதே, எனக்கு வேண்டாம் என்று அர்த்தம்.
சாயங்காலம் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

திருத்தம் ஒரே வரி.
மறுகணக்குக்கு இரண்டு நாள்.
திரும்ப வந்தவன் பென்சிலால் கூட்டியது 682,41.
என் திரை சொன்னது 682,40.
நாள் நாளாய் இறங்கினோம்.
டிசம்பர் ஒன்பதில் அகப்பட்டது:
அன்றைய பாக்கி 2,675.
அவன் மேலே ஏற்றி 2,68 ஆக்கியிருந்தான்.
இயந்திரத்துக்கு அந்த எண்ணே கிடையாது.
இரண்டின் அடுக்குகளால் எவ்வளவு நெருங்கினாலும்
அதன் வாசலில் நின்றுவிடும்.
முழுவதையும் அச்சிட்டுக் காட்டினேன்:
2,67499999999999982…
இன்னும் போயிற்று.
வெகுநேரம் பார்த்தான்.
“இத்தனை ஒன்பது வரிசையில் நிற்கிறது,
ஒன்றுகூட முன்னாலிருக்கிற நாலைத் தள்ளவில்லையா?”

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.
பணத்தை முழு சென்டுகளாகவே எண்ணியிருக்க வேண்டும்,
மிதக்கும் புள்ளியிடம் ஒப்படைத்திருக்கக் கூடாது.
இது எனக்குத் தெரியாததும் அல்ல.
682,41 என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டேன்.
காற்புள்ளியின் வால்
அடுத்த வரி வரை இறங்கிவிட்டது.

இப்போது அந்தச் சுட்டியை வாங்கிக்கொள்கிறேன்.
சரத்தின் கடைசி வரை போகாத எதுவும்
காலையில் ஒரு தாளில் வந்து விழும்.
முதல் நாள் ஒரே ஒரு வரி:
பத்தொன்பதாம் பண்ணை, மூன்றாம் எழுத்து.
ஆய்வகத்து ஸ்மில்தே
சுழியத்தைத் தட்டப் போய்
பக்கத்திலிருந்த ‘ஓ’வைத் தட்டியிருக்கிறாள்.
கண்ணுக்கு இரண்டும் ஒரே வட்டம்.
பழையபடி என்றால் நாலு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும்,
அதுவும் சரியாகவே இருந்திருக்கும்.
இன்று போகவில்லை.
நின்று, என்னைக் கேட்கிறது.
தொலைபேசியை எடுத்தேன்.