சுரண்டுகிற வேலை

ஒட்டுகிறவன் இல்லை நான், உரிக்கிறவன்.
ஆரையம்பதிப் பெரிய றோட்டில்
டயர் கடைக்கும் பாமசிக்கும் நடுவில்
ஒரு தகரப் பத்தி.
தலைமயிர் காயவைக்கிற மெசின் ஒன்று,
ஒரு போத்தல் மண்ணெண்ணெய்,
பெட்டி நிறையச் சவர பிளேட்.

காரை விற்கப் போகிறவன்தான் என்னிடம் வருவான்.
விலை பேசும் வரைக்கும்
எவனுக்கும் தன் கண்ணாடி அழுக்கில்லை.

இந்த அல்டோவுக்கு இது நாலாவது கை.
மேலே, தங்க எழுத்தில், "அப்பா தந்த பரிசு".
அப்பா பட்ட கடனை யாரும் ஒட்டுவதில்லை.
அதற்கடியில் கழுகு, ஒரு செட்டை இல்லாமல்.
கழுகுக்கடியில் "குழந்தை உள்ளே".
குழந்தைக்கு இப்போது மீசை,
கட்டாரில் கிரேன் ஓட்டுகிறதாம்.
எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்பாக,
டாக்குத்தர்மாரின் சின்னம்.
ஓடியவர் ஆஸ்பத்திரிக் கன்டீனில்
வடை சுட்ட கிருபைராசா.
சந்தியில் பொலிஸ்காரன் சலூட் அடித்ததைச்
சாகும்வரை சொல்லித் திரிந்தார்.

பின்னால் வருகிறவனுக்கு இவ்வளவு சொல்கிறவர்கள்
பக்கத்தில் வருகிறவனுக்கு
முகம் மட்டும் காட்டமாட்டார்கள்.

ஓவசியர் பத்மகாந்தன் நாலு பக்கமும் கறுப்படித்தார்.
கேட்டால், வெயிலாம்.
சரி, சித்திரை வெயில் பொய்யில்லை.
மறுகா ஒரு மழை இரவில்
றிவேர்ஸ் எடுத்துத் தன் மதிலையே இடித்தார்.
அதையும் தாங்கிக்கொண்டார்.
மீன் சந்தையடியில் மச்சாள் கைகாட்ட
இவரும் உள்ளே இருந்து கைகாட்டியிருக்கிறார்,
சிரித்துமிருக்கிறார்.
அவ கண்டது கறுப்பு.
ஆறு மாதம் அந்த வீட்டில் பேச்சில்லை,
பூப்புனித நீராட்டுக்கும் சொல்லவில்லை.
"உரிச்சு விடு தம்பி" என்று வந்து நின்றார்.
மச்சாளுக்காக உரித்த முதல் கார் அதுதான்.

போன வெள்ளிக்கிழமை ஒரு டொல்பின் வேன் வந்தது.
வெள்ளை.
கண்ணாடியில் அந்தக் காலத்துக் கறுப்பு,
கிழண்டு ஊதாவாகி, கொப்புளம் கொப்புளமாய்.
ஏறாவூர் றிஸ்வி மலிவாக வாங்கியிருந்தான்,
பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு.
நான் சூடு காட்டி முதல் மூலையைக் கிளப்பும்போது
பாமசித் தவக்கொடி வெளியே வந்தா.
நாலு வருசம் பக்கத்துக் கடை.
சில்லறை மாற்றியதைத் தவிர
ஒரு வார்த்தை பேசாதவ.

நின்றா.
நானும் கேட்கவில்லை.
அந்த நிறத்து வேனையும் அந்தக் கண்ணாடியையும்
இங்கே யாரும் யாருக்கும் விளங்கப்படுத்துவதில்லை.
பிளேட்டின் சத்தம் மட்டும்.
பசை நூல் நூலாய் வந்தது.
கடைசித் துண்டும் கழன்றபோது
கிட்ட வந்து, கையைக் கண்ணில் மறைத்துப் பார்த்தா.
கிழிந்த சீற். மஞ்சள் ஸ்பொன்ச்.
ஒரு சோடா மூடி.

"இவ்வளவுதானா உள்ளுக்குள்ள?"

ஓம் என்றேன்.
பனடோலுக்கு ஆள் நின்றது, போயிட்டா.

பின்னேரம் றிஸ்வி வந்து
கண்ணாடியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.
மஞ்சளில் "பாடசாலைச் சேவை" என்று ஒட்ட வேணுமாம்,
எங்கே வெட்டலாம் என்று கேட்டான்.
"அதோட லேசா ஒரு டின்ட்,
புள்ளைகளுக்கு வெயில் படும் நானா."

எதிரே இருந்த புடவைக் கடையைக் காட்டினேன்.
"சீலை வாங்கித் திரை போடு.
பூப்போட்டதாப் பாத்து எடு.
இழுத்தா விலகும்."