தாரை

கிண்டியில் பதினோராம் மாடி.
என் சட்டையில் குத்திய பட்டையில் அம்பிகா.
ஊர் கேட்டால் ஒற்றப்பாலம் என்று சொல்ல
முதல் வாரமே பழக்கிவிட்டார்கள்,
சொல்லுமுன் ஒரு சிரிப்பும்.
வீட்டில் நான் எஸ்தர்.
புளியந்தோப்பு.
மழை பிடித்தால் எங்கள் தெருவில்
முதலில் கட்டிலேறுவது அடுப்பு,
அப்புறம்தான் ஆட்கள்.

இங்கேயும் மழை உண்டு.
ஒலிபெருக்கிக்குள் பெய்யும்.
நாலு நிமிஷத்துக்கு ஒரு தவளை,
எப்போதும் அதே தவளை.

மூன்று மணிக்கு நிரஞ்சனா மேடம்.
படிவத்தில் தூக்கம்: இல்லை.
பசி: மறந்துவிடுகிறது.
வாதமா பித்தமா என்று டாக்டர்
நாடி பிடித்து, கணினியில் தட்டி,
இரண்டும் என்றார்.
எனக்கு வந்த சீட்டில் இவ்வளவுதான்:
க்ஷீரபலா, நாற்பது நிமிடம், சூடு முப்பத்தொன்பது.
பில்லை நான் பார்ப்பதில்லை.
பார்த்தால் கை கனத்துவிடும்.

மரப்பாத்தியில் ஏறிப் படுக்கும்வரை
போனில், ஆங்கிலத்தில்,
யாரையோ வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்,
மிக அன்பாக.
போனை வாங்கி மணிச்செம்புக்குப் பக்கத்தில்
குப்புறக் கவிழ்த்தேன்.

தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன.
இறக்கிவிடக் கால் மணி ஆயிற்று.
முதுகு வழவழப்பு.
பாதத்தில் பித்தவெடிப்பு இல்லை.
இப்படி ஓர் உடம்பில் என் கட்டைவிரலுக்கு
வாசிக்க ஒன்றுமிருக்காது என்றுதான் நினைத்தேன்.
துண்டை ஒதுக்கி இடுப்புக்கு வந்தபோது
இடது பக்கம், எலும்பு மேடிடும் இடத்தில்,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு.
மச்சமில்லை. தீப்பட்டதில்லை.
கொஞ்சம் தடித்து,
எந்தக் கடல் உப்புக்கும் வெளுக்காமல்.

எனக்கும் இருக்கிறது.
அதே பக்கம்.
லாரி வரும் நாளெல்லாம்
பிளாஸ்டிக் குடத்தின் வயிறு
வந்து வந்து உட்கார்ந்த இடம்.

ஒன்றும் சொல்லவில்லை நான்.
அங்கே மட்டும் மூன்று சுற்று
கூடுதலாகத் தேய்த்தேனோ என்னவோ.
மூச்சு ஒருமுறை நின்று
பிறகு போயிற்று.

கண்ணில் பன்னீர்ப் பஞ்சு வைத்தேன்.
பித்தளைச் சட்டத்தில் தாரைக் கிண்ணம்.
திரி நுனியில் எண்ணெய் கொஞ்சம் தயங்கி
நூலாக இறங்கியது
இரண்டு புருவத்துக்கு நடுவில்.
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
நெற்றியின் கோடுகள்
ஒவ்வொன்றாகக் கையைவிட்டன.
கைதான் ஆடுகிறது, நான் இல்லை.
அப்படி ஒரு நேரத்தில்
ஒற்றப்பாலத்தை மறந்துவிட்டேன்.

“சூடு சரியா கீதாம்மா?”

தவளை கத்தியது.
வேலை போயிற்று என்று நினைத்தேன்.
மாதக் கடைசி, சீட்டுப் பணம், தம்பியின் பஸ் பாஸ்
எல்லாம் அந்த நூலில் தொங்கின.
பஞ்சுக்குக் கீழே உதடு மட்டும் அசைந்தது,
தூக்கத்திலிருந்தோ, தூக்கத்துக்கு முந்தி
இருந்த ஏதோ ஒரு தெருவிலிருந்தோ:

“சரியாத்தான் கீது. நிறுத்தாதமே.”

நிறுத்தவில்லை.
நாற்பது நிமிடம் முடிந்த பிறகும்
கிண்ணத்தில் இருந்தவரைக்கும்.

சுக்குத் தண்ணீர் கொடுத்தபோது
மறுபடியும் மேடம்தான்.
“தேங்க் யூ, அம்பிகா” என்றார்,
அந்தப் பெயரைக் கொஞ்சம் மெதுவாக,
கண்ணாடியைப் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்தபடி.
கருத்துப் படிவத்தில் ஐந்து நட்சத்திரம்.
குறிப்பு எழுதும் இடம் காலி.

இரவு கட்டைவிரலுக்குக் கோடாலித் தைலம் போட்டேன்.
பத்தரைக்கு லாரி வந்தது.
மூன்றாவது நடையில் என்ன தோன்றியதோ
குடத்தை வலது இடுப்புக்கு
மாற்றிவைத்துப் பார்த்தேன்.

நடக்கவே வரவில்லை.
பாதித் தண்ணீர் தெருவுக்குப் போயிற்று.