திரை மூன்று முழம் குறைவு

நாவலப்பிட்டியில் மழை பிடித்தால்
இந்த மண்டபத்தில் வசனம் கேட்காது.
தகரம் பேசும், நாங்கள் வாயசைப்போம்.

ஒப்பனை அறை முன்பு துரைமாரின் பில்லியட் கூடம்.
மேசைக்கால் அழுத்திய நாலு பள்ளம் இன்னும் உண்டு;
ஒன்றில் பவுடர் டப்பா சரியாக உட்காரும்.

பிறகு படக்கொட்டகை. சங்கக் கூட்டம்,
கராத்தே, கல்யாணம், வாக்கு எண்ணிக்கை,
கண்புரை முகாம்.
எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் வாடகை இருக்கிறது.
எண்பத்து மூன்று ஆடிக்கு மட்டும்
பக்கம் வெள்ளை.

அந்தப் பதினொரு நாளில்தான்
காவலாளி மரியசூசை
சிவப்புத் திரையை அடியிலிருந்து வெட்டினாராம்:
பிள்ளை பெற்றவளுக்கு ஒரு துண்டு,
ஈரத்தரையில் கிடந்தவர்களுக்கு மிச்சம்.
நகரசபை அவர் சம்பளத்தில் பிடித்தது,
மாதம் ஏழு ரூபாய்.

புதுத்திரைக்கு மூன்று தரம் தீர்மானம் போட்டார்கள்.
வாங்கவில்லை.

அதனால் மணி அடிக்குமுன்னே
சனத்துக்கு எங்கள் கால் தெரிந்துவிடும்.
அட்டை கடித்த தழும்பைப் பார்த்து
"அந்தா, மேக்கணக்குத் தனபாக்கியம்!" என்று
கத்துவான் எவனாவது.

இன்றைக்கு நான் அரசி.
விரல்களை மடக்கிக்கொண்டு
நிற்கிறேன்.