கால் ஊன்றாமல்

காலை நான்கு பத்து. ஹவார் தீவின் மேற்குக் கரை.
பத்தூலின் குதிகால் இரண்டும் காய்ந்த மணலில் இருந்தன.
டார்ச் அடித்துப் பார்த்தேன், பார்த்ததை எழுதினேன்.
அங்கிருந்து அத்தூர் கிராமம்வரை
பத்தொன்பது கிலோமீட்டரும் கொஞ்சமும்.
படகைத் தொடக்கூடாது. ஆளைத் தொடக்கூடாது.
மறுகரையில் நீர் முடியும்வரை
கால் ஊன்றக்கூடாது.

எனக்கு வாரத்தில் ஐந்து நாள் சித்ராவில் வேலை.
எண்ணெய்த் தொட்டிக்குள் நாடா இறக்கி
மில்லிமீட்டர் படித்துச் சொல்வேன்;
கையெழுத்துப் போடுவது வேறொருவர்.
வெள்ளிக்கிழமை இந்தத் தாளில் மட்டும்
என் கையெழுத்து செல்லும்.

சுக்கானில் செலஸ்டின், உவரிக்காரர்.
கத்தார்ப் பக்கம் படகை நழுவ விடமாட்டார்.
"கோடு தண்ணியில தெரியாது,
புடிச்சப்புறந்தான் தெரியும்."

அரைமணிக்கு ஒருமுறை கயிற்றில் கட்டிய பாட்டில்,
வெந்நீரில் கரைத்த பேரீச்சம்பாகு.
மல்லாந்து குடித்துவிட்டு வீசி எறிவாள்.
நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு வீச்சு.
ஏழு மணிக்கு ஐம்பத்தாறு.
நீர்க்காகங்கள் ஆயிரமாய்த் தலைக்குமேல் போனபோது
எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து.
ஒன்பதேகாலுக்குச் சொறி பட்டது, இடது தோள்.
அவள் கத்தியதை எழுதவில்லை,
அதற்குக் கட்டம் இல்லை.

பன்னிரண்டரைக்கு நல்ல வத்தம்.
கடல் அவளுக்கடியிலிருந்து கழன்றுகொண்டே போனது.
வீச்சுக்கு வீச்சு விரல்நுனி கடற்புல்லைக் கோதியது,
பிறகு மணலை,
பிறகு வயிறே உரசியது.
கொத்தனார் பூசுவதுபோல்
உள்ளங்கையால் கடலின் தரையைத் தேய்த்துத் தேய்த்து வந்தாள்.
செலஸ்டின் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றினார்.
படகு ஊன்றலாம்.

கரை தெரிந்தது. அங்கே ஒருவர்
நாயோடு நிற்பதுகூடத் தெரிந்தது.
"நிக்கட்டுமா?" என்று அரபியில் கேட்டாள்.

விதிகளை எழுதியவர்கள் ஆழமான, குளிர்ந்த கடல்காரர்கள்.
அங்கே கால் எட்டினால் அதுதான் கரை.
இங்கே? இன்னொரு பள்ளம் இடையில் இருந்தால்
நிற்பது ஓய்வு, பத்து மணிநேரமும் வீண்.
இல்லையென்றால்
நிற்பது வந்து சேர்ந்தது.
வரைபடம் கரைவரைக்கும் ஒரே வெளிர்நீலம்.

செலஸ்டின் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார்.
"இருக்கு. இருநூறு பாகம் தள்ளி.
கூண்டு போட்ட எடம், எனக்குத் தெரியாதா?"
"இல்லை" என்றேன் பத்தூலிடம்.
அவள் முகத்தை நீருக்குள் திருப்பிக்கொண்ட விதத்தை
இன்னும் என்னால் சரியாக எழுத முடியவில்லை.

பள்ளம் வந்தது. கரும்பச்சை, ஒரு தெரு அகலம்.
அதில் அவள் கைகள் முழுதாய் இறங்கின,
விடியற்காலையில் இறங்கியதுபோல.
தாண்டியதும் செலஸ்டின் தலையாட்டினார்.
"எழுந்திரு" என்றேன்.
எழ முடியவில்லை. தவழ்ந்தாள்.
தவழத் தடை எதுவும் இல்லை,
புத்தகத்தை இரண்டுமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன்.
ஒன்று ஐம்பத்தெட்டு: குதிகால் இரண்டும் காய்ந்த மண்ணில்.

கடைசிப் பக்கம். படகோட்டியின் பெயர், ஒப்பம்.
பேனாவை நீட்டினேன்.
செலஸ்டின் கையை லுங்கியில் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"என் விசாவுல தோட்டக்காரன்னு இருக்கு.
லைசென்ஸ்ல உள்ள நவ்கதா முஹர்ரக்ல தூங்குறாரு.
அவர் பேரைப் போடுங்க."

காற்று, நீரின் சூடு, சொறி பட்ட தோள்,
எல்லாம் நிமிடம் பிசகாமல் இருந்த தாளில்
பள்ளத்தைக் கண்ட ஒரே ஆள்
படகில் ஏறவே இல்லை.
ஜாசிம் என்று எழுதினேன்.
எழுத்து கோணாமல்தான் வந்தது.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் பத்தூல்
போர்வைக்குள்ளிருந்து, உப்பில் வீங்கிய உதட்டோடு.

நீ நீந்தியதெல்லாம் சரி என்றேன்.