கையெழுத்து

எண் 2047. திரை பழுதாம், வாயால் அழைத்தார்கள்.
அதியன் கழிவறைக்குப் போயிருந்த நேரம்.
வந்து பார்த்து, ‘நம்ம நம்பர் தாண்டிடுச்சும்மா’ என்று
இரண்டு கையாலும் திட்டினான்.

நொவீனா, ஆறாம் மாடி.
டாக்டர் ஐந்து நிமிடம் பேசினார்,
சுவர்க் கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.
முகக்கவசம் மீன் செவுள்போல உள்ளே போய் வெளியே வந்தது.
பேசியது என்னிடம் அல்ல,
தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகனிடம்.
அவன் என் பக்கம் திரும்பி,
‘சின்னக் கட்டி. எடுத்துடுவாங்க.’
அவ்வளவுதான் அவன் கைகள்.

மீதி நாலே முக்கால் நிமிடம் எங்கே?
அவன் தொண்டையில் ஏறி இறங்கியதே, அதுவா?

தாதி தாளை நீட்டினார்.
செல்வமலர் த/பெ கோபாலன், இங்கே கையெழுத்து.

கையெழுத்து!
நான் பேசுவதெல்லாமே அதுதானே.

மேலே ‘சம்மதம்’ என்று அச்சடித்திருந்தது.
சட்டம் படித்தவளில்லை நான்.
தெம்பனிஸ் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள்.
உள்ளே இருப்பது என்னவென்று பார்க்காமல்
ஒரு பெட்டிக்கும் இதுவரை ஒட்டியதில்லை.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
ஊதியவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

தாளைத் திருப்பி எழுதினேன்:
சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.
என் மகன் வேண்டாம், அவனுக்குப் பதினொரு வயது.

முகப்பில் இருந்தவர் கீழே எழுதினார்: யார் செலவு?
‘உங்கள் செலவு.
ஸ்கேன் எடுக்க ஆள் வைத்திருக்கிறீர்களே, அதுபோல.’
பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஒன்பது நாள்.

சியூ பெங் வந்தார், கறுப்புச் சட்டை.
இரண்டு முகமும் எனக்குத் தெரியும்படி நாற்காலியை நகர்த்தினார்,
டாக்டரின் கவசத்தைக் கழற்றச் சொன்னார்.
பிறகு அது வந்தது, முழுசாக.
புற்று. இரண்டாம் கட்டம். இடது மார்பு.
மருந்து ஆறு தவணை, முடி போகும்.
‘இன்னொரு குழந்தை?’ என்று நானே கேட்டேன்.
டாக்டர் முதன்முறையாக என் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார்.
நல்ல பதில் அல்ல.

இருபத்தெட்டு நிமிடம்.
என் கைகள் நடுங்கின.
நடுங்கும் கையாலும் பேசலாம், கொஞ்சம் திக்கும்.

கையெழுத்துப் போட்டேன்.

வெளியே அதியன் மைலோ உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
‘என்ன சொன்னாங்க?’
ஒற்றைக் கையால் கேட்டான், தெரியாதவன்போல.

ஒன்பது நாள் அவன் ஒளித்துவைத்திருந்ததை
அவனுக்கே சொன்னேன்.
பாக்கெட்டை எங்கே வைப்பதென்று
அவனுக்குத் தெரியவில்லை.