ஆறாவது சோதனை

மோட்டார் எரிந்து ஏழு வருடம்.
பதில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
நான் வேலைக்குச் சேர்ந்த பருவத்தில்
அறுபத்திரண்டு ரெக்கார்டு நோட்டிலும்
ஓவர்ஷூட் பதினாறு புள்ளி மூன்று சதவீதம்.
யாரோ ஒரு சீனியர் அடித்து எழுதிய இடத்தை
எல்லோரும் அடித்தே எழுதியிருந்தார்கள்.

கண்ணாடித் தொட்டிக்குள் பல்லி முட்டை.
ஜன்னலுக்கு வெளியே பாமணியாற்றில் தண்ணீர் இல்லை,
உள்ளேயும் இல்லை.

புதுக் கருவிக்கு விலை கேட்டேன்.
வந்த தொகையை முதல்வரிடம் காட்டவில்லை;
அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம்.

மன்னார்குடி மேலராஜவீதியில்
இரண்டு எண்ணெய் கேன்.
மீன்தொட்டிக் கடையில் ஒரு பம்பு.
மருந்துக் கடையில் டிரிப் ஏற்றும் குழாய்.
"யாருக்கு உடம்பு சரியில்லை?"
"ஆறாவது சோதனைக்கு."

மூன்று இரவு, கொசுவர்த்திப் புகையில்
மேனுவலைப் பிரித்தேன்.
தைத்த நூலை அறுத்துத் தாள் தாளாகத் துளையிட்டு
வளையக் கோப்பில் மாட்டினேன்.
எந்தத் தாளும் எந்தத் தாளுக்குப் பின்னும் வரலாம்.
வேண்டாததைக் கழற்றி வைக்கலாம்.
விடைகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.
எடுத்த இடத்தின் வெள்ளையைப் பார்க்க
எனக்கே கொஞ்சம் பயம்.
ஏழாம் தாளில் ஒரே வரி:
குழாய் நீளமானால் என்ன ஆகும்?

முதல் வாரம் யாரும் தொடவில்லை.
"ஆன்சர் எங்க மேம்?"
இரண்டாம் வாரம் தரை நனைந்தது.
மூன்றாம் வாரம் கீழ்த்தளத்து சிவில் துறையிலிருந்து
கூரை ஒழுகுவதாக ஒரு கடிதம்,
நகல் முதல்வருக்கு.

அபூதாகிர் கேனைச் சாய்த்துவைத்துப் பார்த்தான்.
மிதவைக்குத் தெர்மாகோல் போதவில்லை என்று
மரிய டெலீனா தன் ரப்பர் செருப்பின் ஓரத்தை
வெட்டிக் கொடுத்தாள்.
தையல்நாயகி பன்னிரண்டு மீட்டர் தோட்டக் குழாயைச்
சுருட்டி மாட்டினாள்.
பம்பு நிற்கும்போதெல்லாம் குழாய் காலியாகும்.
திருகினாள், வரவில்லை.
இன்னும் திருகினாள்.
வந்தபோது மொத்தமாக வந்தது:
மேசை, மடி, மடிக்கணினி.

அன்று மாலை ஏழாம் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தாள்:

'எங்கள் ஊர் கடைமடை.
மேட்டூரில் திறந்தது எங்கள் வாய்க்காலுக்கு
என்றைக்கு வரும் என்று தண்ணீருக்கே தெரியாது.
அதற்குள் அப்பா மூன்று மனு கொடுத்திருப்பார்.
மூன்றுக்கும் சேர்த்து ஒரே இரவில் வரும்.
நாற்று மூழ்கும்.
நான்காவது மனு, வடியவைக்கச் சொல்லி.
நான் கே-ஐ மதிப்பைக் கால் பங்காக்கினேன்.
இப்போது மெதுவாக ஏறுகிறது, நிற்கிறது.
அப்பாவின் மனுவில் இந்தத் திருகு கிடையாது.'

இதற்குப் பத்துக்கு எத்தனை என்று
என் மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லை.
அவள் கேட்கவும் இல்லை.

வெளித்தேர்வாளர் தஞ்சாவூரிலிருந்து வந்தார்.
பதினைந்து குழு, பதினைந்து வளைவு.
"இதுல எதும்மா சரி?"
"எந்த கேன்னு சொல்லுங்க சார், சொல்றேன்."
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மாட்டிக்கொண்டு திருகைக் கேட்டார்.
காபி ஆறி ஆடை கட்டியது.
கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது.
கரண்ட் போன பிறகுதான் கையை எடுத்தார்.

போகும்போது குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்:
'சோதனைகள் தரப்படுத்தப்படவில்லை.'
அதுவும் ஒரு தாள்தானே.
நகலெடுத்து, துளையிட்டு, மாட்டினேன்.

இந்தப் பருவம் கோப்பைத் திறந்தால்
நான் எழுதாத தாள்கள் பதினொன்று.
ஒன்றில் பென்சிலால்:
'பம்பு முனகினால் பக்கவாட்டில் இரண்டு தட்டு.
மூன்றாவது தட்டு வேண்டாம்.'
ஒன்றில் வெறும் தண்ணீர்க் கறை,
அதைச் சுற்றி வட்டமிட்டுத் தேதி.

வளையம் இப்போது மூடுவதில்லை.
ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன்.